பைனரி ட்ரீயைத் திருப்பத் தெரியாதவனுக்கு வேலை கிடையாதாம்

அரைக்காப்பி (சென்னை)

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கான மென்பொருளில் வேலை பார்க்கிறேன். இழப்பீடு கேட்டு ஒரு விண்ணப்பம் உள்ளே வருவதிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் விழும் வரை நடக்கிற அத்தனையும் எங்கள் குழுவின் தலையில். மாதக் கடைசியில் தரவுத்தளம் திணறும்போது தரவு கேட்கும் எந்தக் கட்டளை (குவெரி) அதன் கழுத்தை நெரிக்கிறது என்று கண்டுபிடிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை நிறுத்தாமலே ஒரு டேபிளை இரண்டாகப் பிரிப்பது, யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை உடையாமல் திருத்துவது. எனக்குச் சம்பளம் தருவது இதற்குத்தான்.

கடந்த சனிக்கிழமை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். காலை ஒன்பதுக்கே வரச் சொல்லி, டோக்கன் கொடுத்து, உணவுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். கணினியில் முதல் சுற்று முடிந்து இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிடும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எதிரே இருந்தவர் என் ரெஸ்யூமைப் புரட்டக்கூட இல்லை, எடுத்து ஓரமாக வைத்தார். "லிங்க்டு லிஸ்டில் சுழற்சி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைச் சுட்டும் சங்கிலி. ஏதாவது ஒரு கணு முன்னால் வந்த கணுவையே சுட்டினால் சுழற்சி. கடந்துபோகும் ஒவ்வொரு கணுவையும் ஒரு செட்டில் (தொகுப்பில்) போட்டு வைப்பேன், ஏற்கெனவே உள்ளது மறுபடி வந்தால் சுழற்சி என்றேன். கூடுதல் நினைவகம் இல்லாமல் செய்யுங்கள் என்றார். நான் யோசிக்கத் தொடங்கினேன், அவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். சங்கிலியில் இடத்தைக் காட்டும் ஒரு சுட்டியை ஓரடியும் மற்றொன்றை ஈரடியுமாக நகர்த்தினால் சுழற்சிக்குள் இரண்டும் சந்தித்தே தீரும் என்பதுதான் அவர் எதிர்பார்த்த விடை. அது ராபர்ட் ஃபிளாய்டின் பெயரால் வழங்கும் முறை. கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1978-இல் வாங்கியவர் அவர். முன்பின் பார்க்காதவன் இருபது நிமிடத்தில் அதைத் தானாகக் கண்டடைவான் என்று யாரும் மெய்யாகவே நம்புவதில்லை. முந்தின வாரம் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, அந்த நொடியில்தான் தோன்றியதுபோல் நடிக்க வேண்டும். நடிப்புக்கு மதிப்பெண்.

அடுத்து, ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளை பிரியும் தரவமைப்பான பைனரி ட்ரீயை இடவலமாகத் திருப்பச் சொன்னார். பாதியில் நேரம் முடிந்தது. நான் பார்த்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "எச்.ஆர். தொடர்புகொள்வார்கள்" என்றார்கள். தொடர்புகொள்ளவில்லை.

இதைச் சகித்துக்கொண்டு எல்லோரும் எப்படி வேலை மாறுகிறீர்கள்?

—

கடைசிபெஞ்சு (திருச்சி)

உங்களையாவது உள்ளே விட்டார்கள் அண்ணா. என்னைப் போன்று இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்கான விளம்பரங்களைப் பாருங்கள். "புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம்" என்று ஒரே வரியில் போடுகிறார்கள். எழுதியவர் அதைத் திரும்பப் படித்தாரா என்றே தெரியவில்லை.

—

மட்டுறுத்துநர்

பதிவுகள் தொடரட்டும். நிறுவனங்களின் பெயரையும் நேர்காணல் நடத்தியவர்களின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு பதிவில் பெயரை நீக்கியிருக்கிறேன்.

—

சோழிங்கநல்லூரான் (சென்னை)

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவன் நான். திட்டு வாங்கத் தயாராகத்தான் வருகிறேன்.

அரைக்காப்பி சொல்வதில் பாதி உண்மை. ரெஸ்யூமை ஓரமாக வைத்தது மரியாதைக் குறைவு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். மீதிப் பாதியையும் கேளுங்கள்.

ஒரு காலியிடத்துக்கு வரும் ரெஸ்யூம்களை வைத்து ஒரு மளிகைக்கடைக்குப் பொட்டலம் கட்டலாம். அவற்றில் கணிசமானவை ஒரே அச்சில் வார்த்தவை. அதே திட்டம், அதே நான்கு வரி, அதே எழுத்துப்பிழை. பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுக்கும் கூட்டம் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. வீடியோ அழைப்பில் ஒருவர் உதட்டை அசைக்க, பக்கத்து அறையிலிருந்து வேறொருவர் பதில் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். இணைப்பு விட்டு விட்டு வந்தபோது குரல் தொடர்ந்தது, உதடு நின்றுவிட்டது. நேர்காணலில் பிரமாதமாகப் பேசியவர் ஒருவர், வேலையில் வந்து சேர்ந்தவர் இன்னொருவர் என்ற கூத்தும் நடந்திருக்கிறது.

1 முதல் 100 வரை எண்களை அச்சிடு, 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் "ஃபிஸ்" என்று எழுது, 5-ஆல் வகுபட்டால் "பஸ்", இரண்டாலும் வகுபட்டால் "ஃபிஸ்பஸ்". பலரும் அறிந்த இந்தக் கேள்வி 2007 வாக்கில் இணையத்தில் பரவியதே, வேலை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இதைக்கூட எழுத வரவில்லை என்ற புலம்பலோடுதான். இன்றும் நிலைமை அதுதான். அப்படியிருக்க, "நான் பெரிய அமைப்பைக் கட்டிக் காத்தேன்" என்று ஒருவர் சொன்னால் முப்பது நிமிடத்தில் நான் எதை வைத்து நம்புவது?

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை மணிக்கு ஒரு கூட்டம், ஐந்து மணிக்கு இன்னொன்று. நடுவே நான்கு மணிக்கு நேர்காணல். ரெஸ்யூம் எனக்கு வருவது மூன்று ஐம்பதுக்கு. கேள்வி கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. வேலை தெரிந்தவனுக்கு ஆள் எடுக்கவும் தெரியும் என்று நிர்வாகம் நினைக்கிறது. ஆகவே, சரியா தப்பா என்று சட்டென்று சொல்லக்கூடிய கேள்விகளை நோக்கிக் கை தானாகப் போகிறது.

—

நிரலோடி (பெங்களூரு)

சோழிங்கநல்லூரான் ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறது. மதிப்பெண் போட எளிதானதைக் கேட்கிறார்கள். அதற்கும் வேலைக்கும் உறவு உண்டா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்த்த ஒரு நிறுவனம் கூகுள். அதன் மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். பல்லாயிரக்கணக்கான நேர்காணல்களை எடுத்து, கேட்டவர் போட்ட மதிப்பெண்ணையும் சேர்ந்தவர் பின்னாளில் வேலை செய்த விதத்தையும் ஒப்பிட்டார்கள். தொடர்பே இல்லை. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகளால் கேட்கிறவருக்குத் தன்னைப் பெரிய அறிவாளியாகக் காட்டிக்கொள்ள முடிந்ததே தவிர வேறு பயன் இல்லை என்றார். புதிர்கள் போயின. அந்த நாற்காலியில் ட்ரீ, கிராஃப் போன்ற தரவமைப்புக் கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அரைக்காப்பிக்கு நேர்ந்தது மேக்ஸ் ஹவலுக்கும் நேர்ந்தது. மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உலகமே பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை எழுதியவர் அவர். 2015-இல் கூகுள் அவரை நிராகரித்தபோது, உங்கள் பொறியாளர்களில் தொண்ணூறு சதவீதம் பேர் என் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எனக்கு ஒயிட்போர்டில் பைனரி ட்ரீயைத் திருப்பத் தெரியவில்லை என்று விரட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் டுவிட்டரில் கொதித்தார். இந்தத் துறையில் அந்த வரியைக் கேள்விப்படாதவர் குறைவு.

—

சோழிங்கநல்லூரான்

அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும் அல்லவா? தன் டுவீட் நியாயமானதல்ல என்று ஹவலே பிறகு எழுதினார். தொண்ணூறு சதவீதம் என்பதும் அவர் சொன்ன கணக்குதான். நல்ல பொருளை உருவாக்குவது ஒரு திறமை. கூகுளுக்கு அப்போது வேறொரு திறமை தேவைப்பட்டிருக்கலாம்.

—

நிரலோடி

பின்பாதி உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அடிப்படை தெரிய வேண்டாமா" என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்காக இன்னொன்று சொல்கிறேன். எல்லாவற்றிலும் அடிப்படை எது? பைனரி தேடல். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் பார், சிறியதா பெரியதா என்று கேள், பாதியைத் தள்ளு. முதல் ஆண்டுப் பாடம். இந்த முறை அச்சில் வந்தது 1946-இல், எல்லா அளவுக்கும் பிழையின்றிச் செயல்படும் வடிவம் அச்சில் வந்தது 1962-இல் என்று கணினியியல் அறிஞர் டொனால்டு குனூத் குறித்திருக்கிறார். பதினாறு ஆண்டுகள்!

அத்தோடு முடியவில்லை. ஜாவா என்ற நிரல்மொழியோடு வரும் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) இருந்த பைனரி தேடலை எழுதியவர் ஜோஷுவா பிளாக். அதில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததை 2006-இல் அவரே எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? பட்டியல் நூறு கோடி உறுப்புகளைத் தாண்டும் அளவுக்குப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்துக்குள் அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். நிரல் விழுந்துவிடும். திருத்தம் அரை வரிதான். வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்க எண்ணோடு கூட்ட வேண்டும்.

மொழியின் நூலகத்தையே எழுதியவர்கள், பல கண்கள் சரிபார்த்த பிறகும், ஆண்டுக்கணக்கில் கவனிக்காததை, முன்பின் தெரியாத ஒருவர் முறைத்துப் பார்க்க, மார்க்கர் பேனாவால் பலகையில் பிழையின்றி எழுத வேண்டுமாம். கேட்கிறவருக்கே அந்தப் பிழை தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நான் ஒருமுறை கூட்டிவகுக்காமல் திருத்திய வடிவத்தை எழுதினேன். "ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

—

கடைசிபெஞ்சு

இந்தப் பிழையைக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. இப்போது என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதுவும் மனப்பாடப் பட்டியலில் சேர்ந்துவிட்டதோ!

—

செம்பருத்தி (கோயம்புத்தூர்)

முறைத்துப் பார்ப்பது என்று நிரலோடி எழுதியதால் நுழைகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 48 மாணவர்கள், கேள்வி ஒன்றுதான். பாதிப் பேர் வழக்கம்போல் நேர்காணல் நடத்துகிறவர் முன்னால் பலகையில் எழுதி, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறு பாதிப் பேர் தனி அறையில் தாங்களாக எழுதலாம். முன்னவர்களின் செயல்பாடு பின்னவர்களில் பாதிதான். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூட விடை காணவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் கண்டார்கள். எண்ணிக்கை சிறியது, இதை வைத்துப் பெண்களைப் பற்றி முடிவு கட்ட முடியாது என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் படித்தபோது என் முதுகு நிமிர்ந்தது.

குழந்தை பிறந்தபின் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து, இப்போது மறுபடி தேடுகிறேன். வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வுகளைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை. முதலில் மடிக்கணினியைத் தூக்கி அறை முழுவதையும் கேமராவுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். கொடியில் காயும் துணி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பொம்மை, எல்லாம் பதிவாகும். தேர்வு தொடங்கிய பிறகு திரையைவிட்டுக் கண் நகரக்கூடாது. எனக்குக் கணக்கென்றால் தாளில் படம் போட்டுப் பார்க்கும் வழக்கம். நான்கு கட்டம் வரைந்து அம்புக்குறி போடக் குனிந்தேன். திரையில் சிவப்புப் பட்டை: "உங்கள் பார்வை விலகுகிறது. இது பதிவு செய்யப்படுகிறது." மறுபடி குனிந்தேன், மறுபடி சிவப்பு. அதன்பின் அம்புக்குறிகளை மனதுக்குள் வரைந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டதற்கு இன்னொரு எச்சரிக்கை, "அறையில் வேறு குரல்."

தேர்வைத் தாண்டி மனிதர்களிடம் போனால் கேள்விகள் வேறு. இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? கணவருக்கு இடமாற்றம் வரும் வேலையா? இதில் எதையும் என் கணவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் அதே குழந்தைக்குத்தான் அப்பா.

—

சோழிங்கநல்லூரான்

குழந்தையைப் பற்றிக் கேட்டது அயோக்கியத்தனம் அம்மா. வேறு சொல் கிடைக்கவில்லை. அடுத்த முறை அப்படிக் கேட்டால் "இந்தக் கேள்வியை எல்லா விண்ணப்பதாரர்களிடமும் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

—

செம்பருத்தி

கேட்கலாம். வேலை அவசரமாகத் தேவைப்படாத நாளில் கேட்பேன்.

—

சன்னிவேல்வாசி (கலிஃபோர்னியா)

ஊரில் நடப்பதைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்களிடம் இப்போதைய சம்பளத்தை இன்னமும் கேட்கிறார்களா? இங்கே கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பது சட்டவிரோதம். 2023 முதல் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட்டாக வேண்டும். சில நிறுவனங்கள் யானையும் பூனையும் ஒன்றாக நுழையும் அளவுக்கு அகலமான வரம்பைப் போட்டு ஏய்க்கின்றன என்பது வேறு கதை.

இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அடுத்தடுத்து ஐந்து சுற்று வைத்து உயிரை எடுப்பார்கள். எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலையிழந்தால் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் விசாவுக்கு மனுப் போட வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நேர்காணல்களோ ஒன்றரை மாதம் இழுக்கும். ஐந்தாவது சுற்று முடிந்து "குழுவின் தேவை மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வரும்போது, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எப்படி முறிப்பது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

—

அரைக்காப்பி

இன்னமுமா என்று கேட்கிறீர்களே, சன்னிவேல் அண்ணா! எச்.ஆர். தொலைபேசியில் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் இவை: இப்போது எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு, ராஜினாமாவுக்குப் பின் வேலை பார்த்தாக வேண்டிய நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். என்ன வேலை தெரியும் என்பது நான்காவது இடத்துக்குக்கூட வராது. வாயால் சொன்னால் போதாது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்புநிதிப் பதிவு என எல்லாம் கொடுக்க வேண்டும். பிறகு பழைய சம்பளத்தின் மேல் ஒரு சதவீதத்தை ஏற்றி "இதுதான் எங்கள் கொள்கை" என்பார்கள். படித்து முடித்ததும் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தவன் எத்தனை முறை மாறினாலும் அந்த முதல் எண்ணின் நிழலிலேயே நடக்க வேண்டியதுதான்.

நோட்டீஸ் பீரியட் இன்னொரு கண்ணி. என் நிறுவனத்தில் 90 நாள். "உடனே சேர முடியாதா? அப்படியானால் ராஜினாமா செய்துவிட்டு வாருங்கள், பேசலாம்" என்கிறார்கள். கையில் வேலை இல்லாமல் ராஜினாமா செய்தால் அதே ஆட்கள், "ஏன் வேலையை விட்டீர்கள்?" என்று புருவத்தை உயர்த்துகிறார்கள். 90 நாள் வேண்டாம் என்கிற இந்த நிறுவனமே தன் ஊழியர்களிடம் 90 நாள்தான் எழுதி வாங்குகிறது. நான் ஆஃபர் லெட்டரின் மாதிரியைப் பார்த்தவன்.

—

சோழிங்கநல்லூரான்

90 நாள் காத்திருந்து ஏமாந்த கதையும் எங்களிடம் உண்டு. ஆஃபரைக் கையில் வாங்கிக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது. சேர வேண்டிய திங்கட்கிழமை காலை மடிக்கணினி தயார், அடையாள அட்டை தயார், ஆளைக் காணோம். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இதனால்தான் "உடனே சேர்பவர் மட்டும்" என்று போடுகிறார்கள்.

—

அரைக்காப்பி

நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவதையும், கடைசியில் திரும்பப் பெறுவதையும் எந்தக் கணக்கில் எழுதுவது? அவர்கள் செய்தால் சந்தை நிலவரம், நாங்கள் செய்தால் நேர்மையின்மை.

—

தாமிரபரணிக்காரன் (தென்காசி)

சண்டையை விட்டுவிட்டு என் ஊர்ப் பக்கம் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் பள்ளியை ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. பட்டம் கேட்பதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் இருக்கிறது. ஓர் ஆளை அரை மணி நேரத்தில் எடைபோட முடியாது என்றால் ஓராண்டு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

—

நிரலோடி

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தொடக்க நிலைக்குப் பொருந்தும். அரைக்காப்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியுமா? செம்பருத்தி ஓராண்டு உதவித்தொகையில் குடும்பம் நடத்துவாரா? எல்லா நிறுவனங்களுக்கும் அந்தப் பொறுமையும் பணமும் கிடையாது.

இருக்கிற அரை மணியையே ஒழுங்காகப் பயன்படுத்தலாம். ஆட்தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்கிட்டார்கள். பின்னாளைய வேலைத் திறனோடு அதிகம் ஒத்துப்போனது கட்டமைத்த நேர்காணல். எல்லோரிடமும் அதே கேள்விகள், வேலையோடு தொடர்புள்ள கேள்விகள், எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்த தாள். அவ்வளவுதான். செலவே இல்லாத விஷயம். ஆனால் கேட்கிறவர் முந்தைய நாளே உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அதற்குத்தான் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

—

கடைசிபெஞ்சு

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற நிலை வந்துவிட்டதே? என் விடுதித் தோழன் ஒருவன் திரையின் மூலையில் யாருக்கும் தெரியாத பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறான். தேர்வாகியும் விட்டான். ஒழுங்காக எழுதிய நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

—

சன்னிவேல்வாசி

இங்கேயும் அதே கதைதான். ஒரு சுற்றையாவது நேரில் வைக்கப்போவதாக கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025-இல் சொன்னார். மறுபடி பலகை, மார்க்கர், முறைப்பு.

—

செம்பருத்தி

நேரில் என்றால் நான் கோவையிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்து, நாள் முழுக்கக் காத்திருந்து, இரவு ரயிலில் திரும்ப வேண்டும். எவனோ ஏமாற்றியதற்கு டிக்கெட் என் செலவில்.

—

சோழிங்கநல்லூரான்

திட்டிக்கொண்டே இருந்தால் ஆகாது. என் சுற்றில் இப்போது நான் கேட்கும் கேள்வியை இங்கேயே வைக்கிறேன். மனப்பாடம் செய்தாலும் கவலையில்லை. தொடர்ந்து துருவினால் யாருடைய மூளை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

பஸ் டிக்கெட் விற்கும் செயலி. பயணி பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறார். நம் நிரல் கட்டண நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்புகிறது. முப்பது விநாடி ஆகியும் பதில் இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று எழுதியிருக்கிறோம். என்ன ஆகும்? எப்படித் திருத்துவீர்கள்? கடைசிபெஞ்சு, நீ சொல் தம்பி.

—

கடைசிபெஞ்சு

முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் போய்விடும். அதனால் மறுபடி அனுப்பும் முன், முதல் கோரிக்கை என்னவாயிற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

—

சோழிங்கநல்லூரான்

நல்லது. கேட்டாய். "நிலுவையில் உள்ளது" என்று பதில் வருகிறது.

—

கடைசிபெஞ்சு

அப்படியானால் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் ஒன்றைக் கொடுத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். ஏற்கெனவே வந்த எண் என்றால் அவர்கள் புதிதாகப் பணம் எடுக்கக் கூடாது, பழைய முடிவையே திருப்பித் தர வேண்டும்.

—

சோழிங்கநல்லூரான்

அந்த எண்ணை எங்கே உருவாக்குவாய்?

—

கடைசிபெஞ்சு

கட்டணம் அனுப்பும் ஃபங்ஷனுக்குள்… இல்லை, பொறுங்கள். அதற்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புது எண் வந்துவிடும். பயணி இருக்கையைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் உருவாகும்போதே எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் அனுப்ப வேண்டும். ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி யூனிக் கட்டுப்பாடும் போட வேண்டும். பயணி பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் தப்பிக்கலாம்.

—

அரைக்காப்பி

இழப்பீட்டுத் தொகை அனுப்புவதிலும் எங்களுக்கு இதே தலைவலிதான். இன்னொன்று சேர்க்கிறேன் தம்பி. இருக்கையைப் பத்து நிமிடம்தான் பிடித்து வைப்போம். பதினோராவது நிமிடத்தில் அது வேறொருவருக்கு விற்றுவிட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் "பணம் வந்துவிட்டது" என்று தகவல் வருகிறது. இப்போது?

—

கடைசிபெஞ்சு

பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கோரிக்கைக்கும் பதில் வராமல் போகலாம் என்பதால் அதற்கும் ஒரு தனி எண். நிலுவையில் இருப்பவற்றை அவ்வப்போது எடுத்து, கட்டண நிறுவனத்தின் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் ஒரு வேலை பின்னணியில் ஓட வேண்டும்.

—

நிரலோடி

பயணிக்குத் திரையில் என்ன காட்டுவது என்பதை விட்டுவிட்டான். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

—

கடைசிபெஞ்சு

சோழிங்கநல்லூர் ஐயா, இந்தப் பதிலோடு வந்தால் உங்கள் சுற்றில் தேறிவிடுவேனா?

—

சோழிங்கநல்லூரான்

என் சுற்றில் தேறிவிடுவாய். ஆனால் அது இரண்டாவது சுற்று. முதல் சுற்று எச்.ஆர். வாங்கி வைத்திருக்கும் ஆன்லைன் தேர்வு. ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரை இருக்கிறது. அதில் வடிகட்டி அனுப்புகிறவர்கள்தான் என்னிடம் வருவார்கள். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

—

கடைசிபெஞ்சு

அந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தால் உங்களிடம் அனுப்புவார்கள்?

—

சோழிங்கநல்லூரான்

எனக்கே சொல்ல மாட்டார்கள் தம்பி.